இத்தாலிய வினைச்சொல்லில் தட்டு எங்கே விழும்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் மாடியில் பரத வகுப்பு நடக்கிறது. மார்கழி, தை மாதங்களில் இத்தாலியிலிருந்து நாலைந்து பெண்கள் அடவு கற்க வருவார்கள். அவர்களுக்காகத்தான் நான் அந்த மொழியைப் படிக்கத் தொடங்கினேன். முதல் வருடம், "நான் ஆடுகிறேன்" என்று சொல்ல நினைத்து "பல்லோ" என்றேன். கடைசி எழுத்தை நம் வழக்கப்படி நன்றாக நீட்டினேன். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு "கி?" என்று கேட்டாள். பள்ளியில் பிரெஞ்சு படித்திருந்ததால் அந்தக் 'கி' எனக்குப் புரிந்தது. "யார்?" என்கிறாள். நான் சொன்னது அவள் காதில் "அவர் ஆடினார்" என்று விழுந்திருக்கிறது.

இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான். "நான் ஆடுகிறேன்" என்றால் தட்டு, அதாவது குரல் அழுத்தி விழும் இடம், முதல் அசையில். "அவர் ஆடினார்" என்றால் தட்டு கடைசியில். எழுதும்போது இரண்டாவதற்கு மட்டும் கடைசி உயிரின் தலையில் ஒரு சாய்கோடு போடுவார்கள். பேசும்போது கோடு ஏது? தட்டு ஒன்றுதான் அடையாளம்.

அன்றைக்கு ஏன் வாலை நீட்டினேன் என்பதற்குக் காரணம் உண்டு. தமிழில் குறில் எகரமும் குறில் ஒகரமும் சொல்லின் கடைசியில் நிற்பதில்லை. பழைய இலக்கணம் 'நொ' என்ற ஒரே எழுத்துக்கு மட்டும் விலக்குத் தரும். ஆனால் இத்தாலிய வினைகளில் பெரும்பாலானவை எ, ஒ, இ, அ என்ற குறிலில்தான் முடிகின்றன. நம் வாய் அந்தக் குறிலைத் தாங்காமல் தானாகவே ஏ, ஓ என்று நீட்டிவிடும். அவர்கள் மொழியிலோ நீளம் என்பது தட்டின் அடையாளம். ஆகவே தமிழர் பேசும் இத்தாலியனில் முதலில் சரிசெய்ய வேண்டியது வால்தான். மற்றதெல்லாம் பிறகு.

இதைச் சொல்லும்போது வீரமாமுனிவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1680-ல் இத்தாலியின் காஸ்திலியோனெயில் பிறந்து இங்கே வந்தவர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் தெளிவான வேறுபாடு வரச் செய்த சீர்திருத்தம் அவருடையது. அவர் பிறந்த மொழியை எழுதிக்காட்ட எனக்கு இன்று அதே வேறுபாடுதான் உதவுகிறது.

இந்தக் கட்டுரையில் நான் எழுதும் முறையைச் சொல்லிவிடுகிறேன். தட்டு விழும் அசையைப் பகர அடைப்புக்குள் போடுகிறேன். அந்த அசை உயிரில் முடிந்தால் நெடிலாக எழுதுகிறேன், ஏனென்றால் வாயிலும் அது நீளும். ஒற்றில் முடிந்தால் குறில்தான், ஒற்றே கனத்தைத் தாங்கிக்கொள்ளும். தட்டு சொல்லின் கடைசி உயிரில் விழுந்தால் அங்கேயும் குறில்தான்: சட்டென்று அடித்து நிறுத்த வேண்டும். தட்டு இல்லாத இடமெல்லாம் குறில். ஆக "நான் ஆடுகிறேன்" [பல்]-லொ. "அவர் ஆடினார்" பல்-[லொ].

இன்னொரு எச்சரிக்கை. நம் எழுத்தில் சொல் நடுவே வரும் ஒற்றைத் த, ப, க மெலிந்து ஒலிக்கும். இத்தாலியனில் வலிய த என்றால் எங்கே வந்தாலும் 'தண்ணீர்' என்பதன் த போலவே வலிது. அந்த வலிமைக்காக நாம் இரட்டித்துவிடுவோம். அந்த நாட்டின் பெயரையே பாருங்கள், அவர்களிடம் ஒற்றைத் த, நம்மிடம் இத்தாலி. பெயரில் போனால் போகட்டும். வினையில் இரட்டித்தால் பொருளே மாறும் இடங்கள் உண்டு. வலிது எது, மெலிது எது என்பதை மூல எழுத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். நான் இங்கே தட்டைத்தான் காட்டுகிறேன்.

முதல் வேலை வெட்டுவது. ஒரு உயிருக்கு ஒரு அசை என்று வெட்டுங்கள். யாப்பிலக்கணம் படித்தவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். "திரும்பச் சொல்கிறேன்" என்பது ரி-[பே]-தொ. நம் கணக்கில் 'ரிபே' குறிலும் நெடிலும் இணைந்த நிரையசை, 'தொ' நேரசை, ஆக இரண்டு. அவர்கள் கணக்கில் மூன்று. நேர், நிரையை ஓரமாக வைத்துவிட்டு, சொல்கட்டு சொல்வது போல எண்ணுங்கள். தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, அவ்வளவுதான்.

ஒற்றை மெய் அடுத்த உயிரோடு போகும், இரட்டை மெய் நடுவில் பிளக்கும், ர், ல், ம், ன் ஆகியவற்றின் பின்னால் வேறு மெய் வந்தால் அவை முன் அசையோடு நிற்கும். இதெல்லாம் நம் காதுக்குப் பழகியதே. சிக்கல் வரும் இடங்கள் வேறு.

ஒன்று, மெய்யோடு ர அல்லது ல சேர்ந்து வருவது. அலபத்மம் என்ற கைமுத்திரை பிடிக்கச் சொல்லும்போது "திற" என்பேன். நாம் அதை அப்-ரி என்று வெட்டுவோம், வெட்டினால் முதல் அசை மூடிக்கொண்டு குறுகிவிடும். அவர்கள் வெட்டு [ஆ]-ப்ரி. இரண்டு மெய்யும் பின்னால் போவதால் முதல் உயிர் திறந்து நீள்கிறது. "அவர்கள் திறக்கிறார்கள்" [ஆ]-ப்ரொ-னொ.

இரண்டு, ஸ். "எனக்குக் காட்டு" என்ற சொல்லை வரி முடிவில் உடைக்க நேர்ந்தால் மொ-ஸ்த்ர-மி என்றுதான் உடைப்பார்கள், ஸ் எப்போதும் பின்னால். ஆனால் காதில் அது [மொஸ்]-த்ர-மி. முதல் உயிர் நீள்வதில்லை. எழுத்துக்கு ஒரு வெட்டு, வாய்க்கு ஒரு வெட்டு. பேச மட்டும் கற்பவர்கள் வாயின் வெட்டைப் பிடித்துக்கொள்ளலாம்.

மூன்று, ஞ. இது நமக்கு வரம். "நான் கற்பிக்கிறேன்" இன்-[ஸெஞ்]-ஞொ. எழுத்தில் இரண்டு மெய் எழுதிப் பிரிக்காமல் வைப்பார்கள். ஒலியில் அது நம் 'மஞ்ஞை'யில் வரும் அதே இரட்டை ஞகரம். பிரெஞ்சு வழியாக வந்தவர்கள் இதை மெலிதாக்கிவிடுகிறார்கள். தமிழ் வழியாகவே போங்கள்.

நான்காவது, இகரத்தை ஒட்டி இன்னொரு உயிர். "நாம் ஆடுகிறோம்" பல்-[ல்யா]-மொ, மூன்று அசை. லி, யா என்று பிரித்து நான்காக்கக் கூடாது. ஆனால் தட்டு அந்த இகரத்திலேயே விழுந்தால் அது தனி அசையாக நிமிர்ந்துவிடும். "படிக்கிறேன்" [ஸ்தூ]-த்யொ, "அனுப்புகிறேன்" இன்-[வீ]-ஒ. இரண்டு வினைகளும் வினைப்பெயரில், அதாவது "படிக்க", "அனுப்ப" என்று அகராதியில் போடும் வடிவத்தில், ஒரே மாதிரி முடிபவை. "அவர்கள் படிக்கிறார்கள்" [ஸ்தூ]-த்ய-னொ, "அனுப்புகிறார்கள்" இன்-[வீ]-அ-னொ.

வெட்டியாயிற்று. இனி தட்டு. நான் தாளம் தட்டும் மரக்கட்டையான தட்டுமனையை முன்னால் வைத்துக்கொண்டு, தட்டு விழும் அசைக்கு மட்டும் கழியைப் போடுவேன். உங்களிடம் கழி இல்லையென்றால் மேசையில் விரல் போதும். கையால் அடிக்காமல் வாயால் மட்டும் பழகினால் வராது. எனக்கு வரவில்லை, என் மாணவிகளுக்கும் வரவில்லை. நிகழ்காலத்தை இப்படி வரிசையாகச் சொல்லுங்கள்:

[பல்]-லொ, நான் ஆடுகிறேன்
[பல்]-லி, நீ ஆடுகிறாய்
[பல்]-ல, அவள் ஆடுகிறாள்
பல்-[ல்யா]-மொ, நாம் ஆடுகிறோம்
பல்-[லா]-தெ, நீங்கள் ஆடுகிறீர்கள்
[பல்]-ல-னொ, அவர்கள் ஆடுகிறார்கள்

கழி எப்படி நகர்கிறது என்று பாருங்கள். மூன்று முறை வேரில் விழுகிறது, நாம், நீங்கள் இரண்டுக்கும் விகுதிக்குத் தாவுகிறது, கடைசியில் மறுபடி வேருக்குத் திரும்புகிறது. முதலாவதை வேர்த்தட்டு என்றும் இரண்டாவதை விகுதித்தட்டு என்றும் என் வகுப்பில் சொல்வோம். தவறு நடப்பது ஆறாவது வரியில்தான். நாம், நீங்கள் வரிகளில் தாவிப் பழகிய கை, "அவர்கள்" வரும்போது திரும்பாமல் பல்-[லா]-னொ என்று அங்கேயே அடித்துவிடும். இது வெளிநாட்டார் பலரும் செய்யும் தவறு. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. பிரெஞ்சில் அழுத்தம் எப்போதும் கடைசியில். அதோடு "அவர்கள் ஆடுகிறார்கள்" என்பதன் விகுதி அங்கே எழுத்தில் இருக்கும், வாயில் இருக்காது. எனக்கு உதவிக்கு வரும் பெண் வைத்திக்குப்பத்திலிருந்து வருகிறாள், பிரெஞ்சு அருமையாகப் பேசுவாள். ஒரு மாதம் வரை அந்த 'னொ'வை ஒன்று விழுங்கினாள், இல்லையென்றால் அதிலேயே அடித்தாள். நடுவழி வந்தது எப்படியென்றால், "[த]-கி-ட" என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் "[பல்]-ல-னொ" என்று சொல்ல வைத்தேன். முதல் எழுத்தில் சமம், அதாவது தாளத்தின் தொடக்க அடி, விழும் தகிட. அன்றைக்கே பிடித்துவிட்டாள்.

இதற்குள் ஒரு பெரிய வசதி ஒளிந்திருக்கிறது. "அவர்கள்" வடிவத்தின் தட்டு, "நான்" வடிவத்தில் எங்கே இருக்கிறதோ அதே அசையில்தான். ஆகவே புதிய வினை ஒன்று கிடைத்தால் வினைப்பெயரை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள், "நான்" வடிவத்தையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். நீண்ட வேர்களில் இது இல்லாமல் முடியாது. "வசிக்கிறேன்" [ஆ]-பி-தொ, "வசிக்கிறார்கள்" [ஆ]-பி-த-னொ. பின்னாலிருந்து எண்ணினால் நான்காவது அசையில் தட்டு! "தொலைபேசியில் அழைக்கிறேன்" தெ-[லே]-ஃபொ-னொ, "அழைக்கிறார்கள்" தெ-[லே]-ஃபொ-ன-னொ. "கற்பனை செய்கிறேன்" இம்-[மா]-ஜி-னொ. ஆனால் "தயார் செய்கிறேன்" ப்ரெ-[பா]-ரொ, இங்கே தட்டு முன்னால் ஓடவில்லை. எந்த வினை எந்த வகை என்று சொல்ல முழு விதி கிடையாது. அதே வேரில் பெயர்ச்சொல் ஒன்று இருந்தால் பெரும்பாலும் அது வழிகாட்டும். தொலைபேசி என்ற பெயரே தெ-[லே]-ஃபொ-னொ, வருகை என்ற பெயர் [வீ]-ஸி-த, "பார்க்கப் போகிறேன்" என்ற வினை [வீ]-ஸி-தொ. சந்தேகமென்றால் நல்ல இத்தாலிய அகராதியைத் திறந்தால் வினைப்பெயருக்குப் பக்கத்திலேயே "நான்" வடிவத்தைச் சாய்கோட்டோடு போட்டிருப்பார்கள். அவர்களுக்கே தேவைப்படுகிறது என்றுதானே பொருள்.

தட்டின் இடத்தைப் பொறுத்துச் சொற்களுக்கு அவர்கள் பெயர் வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும். கடைசியில் விழுந்தால் 'த்ரொங்க', அதாவது துண்டிக்கப்பட்டது. கடைசிக்கு முந்தியதில் விழுந்தால் 'ப்யான', சமதளம். கடைசியிலிருந்து மூன்றாவதில் விழுந்தால் 'ஸ்த்ருச்சொல', வழுக்கிப் போவது. [பல்]-ல-னொ என்று சொல்லிப் பாருங்கள், உண்மையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

வினைப்பெயர்கள். ஆரெ, ஈரெ என்று முடிபவற்றில் தட்டு எப்போதும் அந்த ஆ, ஈ மீதுதான், யோசிக்க வேண்டாம். எரெ என்று முடிபவைதான் இரண்டு கட்சி. "பார்க்க" வெ-[தே]-ரெ, "அறிய" ஸ-[பே]-ரெ, "விரும்ப" வொ-[லே]-ரெ ஒரு பக்கம். "படிக்க" [லெஜ்]-ஜெ-ரெ, "எழுத" [ஸ்க்ரீ]-வெ-ரெ, "சிரிக்க" [ரீ]-தெ-ரெ, "தட்ட" [பத்]-தெ-ரெ மறுபக்கம். இந்தப் பிரிவு லத்தீனிலிருந்து வருகிறது. லத்தீனில் தட்டுக்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது: கடைசிக்கு முந்திய அசை நெடிலாகவோ ஒற்றில் முடிவதாகவோ இருந்தால் தட்டு அங்கே, வெறும் குறிலாக இருந்தால் ஒரு அசை முன்னால். "பார்க்க" என்பதில் அந்த இடத்தில் நெடில் இருந்தது, "படிக்க" என்பதில் குறில். இன்றைய இத்தாலியன் அந்த நீளத்தை இழந்துவிட்டது, தட்டு மட்டும் பழைய இடத்தில் நிற்கிறது. எல்லாச் சொல்லும் அப்படி நின்றுவிடவில்லை. "சிரிக்க" லத்தீனில் நெடில் கட்சியில் இருந்தது, பிறகு இடம் மாறிவிட்டது. ஆனாலும் குறில், நெடில், ஒற்று என்று பார்த்துக் கனத்தை எடைபோடும் கணக்கு நமக்கு எவ்வளவு நெருக்கமானது! இந்த விதியை முதன்முதலில் படித்த இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை.

ஒழுங்கான வினைகளில் இறந்தகாலமும் எதிர்காலமும் இதைவிட எளிது, அவற்றில் தட்டு விகுதியை விட்டு நகராது. "ஆடிக்கொண்டிருந்தேன்" பல்-[லா]-வொ. அதிலும் "அவர்கள்" வடிவம் வழுக்கும்: பல்-[லா]-வ-னொ. "ஆடினார்கள்" பல்-[லா]-ரொ-னொ. "ஆடிக்கொண்டிருந்தோம்", "ஆடிக்கொண்டிருந்தீர்கள்" இரண்டும் மட்டும் ஒரு படி தள்ளி பல்-ல-[வா]-மொ, பல்-ல-[வா]-தெ. எதிர்காலத்தில் நானும் அவளும் துண்டிக்கப்பட்டவர்கள்: பல்-லெ-[ரொ], பல்-லெ-[ர]. இரண்டுக்கும் எழுத்தில் சாய்கோடு கட்டாயம்.

எதிர்காலத்தில் ஒரு இடம், தயவுசெய்து நின்று பழகுங்கள். "ஆடுவோம்" பல்-லெ-[ரே]-மொ. "ஆடுவோம்தான், ஆனால்..." என்று நிபந்தனையோடு சொல்வது பல்-லெ-[ரெம்]-மொ. தட்டு ஒரே அசையில். வேறுபாடு முழுக்க நெடிலா ஒற்றா என்பதில். ஆங்கிலம் வழியாக இத்தாலியன் கற்பவர்கள் இந்த இரண்டையும் பிரிக்கத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். 'படு', 'பட்டு', 'பாடு' மூன்றையும் பிறந்ததிலிருந்து பிரித்துக் கேட்கும் நமக்கு இதில் திணற வேண்டிய அவசியமே இல்லை. நம் காதை நம்பினால் போதும்.

ஏவல் வினைகள்தான் என் வகுப்பில் அதிகம் புழங்குபவை. அங்கே 'என்னை', 'அதை' போன்ற சிறு சொற்கள் வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும். எத்தனை ஒட்டினாலும் தட்டு அசையாது. "பார்" [க்வர்]-த, "என்னைப் பார்" [க்வர்]-த-மி. "பாருங்கள்" க்வர்-[தா]-தெ, "என்னைப் பாருங்கள்" க்வர்-[தா]-தெ-மி. "அதைத் திரும்பச் சொல்" ரி-[பே]-தி-லொ, "அதைத் திரும்பச் சொல்லுங்கள்" ரி-பெ-[தே]-தெ-லொ. வால் நீள நீளத் தட்டைப் பின்னால் இழுக்க நாக்கு துடிக்கும். விடாதீர்கள். முதலில் வெறும் வினையைக் கழியோடு மூன்று முறை சொல்லுங்கள், கழியை அதே இடத்தில் வைத்துக்கொண்டே வாலைச் சேருங்கள்.

வகுப்பில் நாளுக்கு நூறு முறை நான் கேட்பது "புரிந்ததா?" அது க-[பீ]-தொ. இதே எழுத்துகளை [கா]-பி-தொ என்றால் "நான் தற்செயலாக வந்து சேர்கிறேன்". க-பி-[தொ] என்றால் "நேர்ந்தது". மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்வதைப் போல நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. மாலை ஆறு மணிக்குமேல் கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஓடாது. காந்தி சிலையிலிருந்து நடக்கும்போது ஒரு அடிக்கு ஒரு அசை என்று வைத்து, தட்டு விழும் அடியை மட்டும் அழுத்தி வையுங்கள். மூன்று சொல்லும் காலில் ஏறிவிட்டால் வாயில் ஏறிவிடும்.

கடைசியாக ஒன்று. தட்டு கடைசி உயிரில் விழும் வினைக்குப் பின்னால் வல்லொலியில் தொடங்கும் சொல் வந்தால், அவர்கள் நாட்டின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் அந்த மெய்யை இரட்டித்துவிடுவார்கள். "மெதுவாகப் பேசினார்" என்பதைத் தனித்தனியாகச் சொன்னால் பர்-[லொ], [ப்யா]-னொ. சேர்த்துச் சொன்னால் பர்லொப் ப்யானொ. 'ஆடப் போனாள்' என்பதில் நமக்கு வலி மிகுவது போலத்தான், நாம் எழுதுகிறோம், அவர்கள் எழுதுவதில்லை. வல்லொலி மட்டுமல்ல, ம, வ போன்றவையும் அவர்களிடம் இப்படி மிகும். வடக்கே இந்தப் பழக்கம் பெரும்பாலும் இல்லை. போன தை மாதம் மிலானிலிருந்து ஒருத்தியும் நாப்போலியிலிருந்து ஒருத்தியும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். ஒருத்தி ஒற்றையாகச் சொல்ல, மற்றவள் இரட்டித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் உதவிப்பெண் யாரைப் பின்பற்றுவது என்று கேட்டாள். உனக்கு எது வாயில் வருகிறதோ அது என்றேன். அவள் இரட்டித்தாள்.